மழைக் கணக்கும் ஏலத்தோட்டமும்

கம்பத்திலிருந்து நெடுங்கண்டம் செல்லும் மலைப்பாதை மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டைக் கடக்குமிடத்தில் கம்பம்மெட்டு அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திற்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திற்கும் இவ்வூரே எல்லை. ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்கே ஏலத்தோட்டங்களை முகில் மூடியிருக்கும். கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் வெயில் காயும்.

இதற்குக் காரணம் தென்மேற்குப் பருவக்காற்றே. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைப் பொழிகிறது; மறுபுறம் இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. இம்மழை மறைவைப் போக்கவே, 1895ஆம் ஆண்டு முதல் முல்லைப்பெரியாற்று நீர் சுரங்கவழியாகக் கிழக்கே திருப்பப்படுகிறது. இவ்வாறு சில கல் தொலைவுக்குள் மழை பெரிதும் வேறுபடுமிடத்தில், ஒரு மாவட்டத்துக்குக் கூறப்படும் வானிலையை ஒவ்வொரு தோட்டத்துக்கும் அப்படியே கொள்ள இயலாது.

வேளாண்மைக்கு வானிலையறிவைப் பயன்படுத்தும் முயற்சி நம் நாட்டில் புதிதன்று. 1932இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் பாலக்காட்டில் பிறந்த எல். ஏ. இராமதாஸ் ஆவார். 1945இல் உழவர்க்கான வானிலை அறிக்கைகள் வெளிவரத் தொடங்கின. இந்நாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறை, வருகின்ற ஐந்து நாள்களின் நிலையைக் கணித்து, வேளாண் பல்கலைக்கழகங்களின் துணையுடன் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் பயிர் அறிவுரைகளை வழங்குகிறது.

தட்பவெப்பநிலை வேறு, வானிலை வேறு. பல்லாண்டுப் பதிவுகளிலிருந்து பெறப்படுவது தட்பவெப்பநிலை. ஒரு நாளின், ஒரு வாரத்தின் நிலையே வானிலை. முன்னது எந்தப் பணியை எந்த மாதத்தில் செய்வது என்பதைக் காட்டும். பின்னது எந்த நாளில் செய்வது என்பதைக் காட்டும்.

ஏலத்தைத் தாக்கும் அழுகல் நோயைக் கருதுவோம். தொடர்மழையும் ஈரமும் இந்நோய்க்கு ஏற்றவை. ஆகவே பருவமழை தொடங்குமுன், நிழல் மரங்களின் கிளைகளை அளவாகக் கழித்து, வடிகால்களைச் சீர்செய்து, ஒரு சதவீதப் போர்டோ கலவை தெளித்தல் வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் நூறு லிட்டர் நீருக்குரிய அளவாகும். கேரளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் நாளில் தொடங்கும். எனினும் ஒரு வாரம் முந்துவதும் பிந்துவதும் இயல்பு. நிழலை மிக முன்னதாகக் கழித்தால் கோடை வெயிலில் செடி கருகும். தெளித்த கலவை உலருமுன் மழை பெய்தால் மருந்தும் கூலியும் வீணாகும். எனவே மே மாத நடுவில் வெளியாகும் பருவமழைத் தொடக்கக் கணிப்பையும், அதன்பின் வரும் ஐந்து நாள் முன்னறிவிப்பையும் சேர்த்து நோக்கியே நாளைக் குறித்தல் நன்று.

கோடைப் பாசனத்திற்கும் இவ்வாறே கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர். நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், பத்து நாள்களில் 40 மில்லிமீட்டர் குறையும். இடையே 12 மில்லிமீட்டர் மழை பெய்திருப்பின், எஞ்சிய குறை 28 மில்லிமீட்டர். நிழலும் சருகு மூடாக்கும் உள்ள தோட்டத்தில் இக்குறை இன்னும் சிறிதாகும். இக்கணக்கு இல்லாதவர், இலை நனைந்ததைக் கண்டு வேர் நனைந்ததாக எண்ணிப் பாசனத்தை நிறுத்திவிடுவர். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழை பெய்த நாளை வானிலைத் துறை மழைநாளாகவே கணக்கிடுவதில்லை.

ஆண்டுச் சராசரி மட்டும் பயிரைக் காவாது. 2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் பெருமழையாலும் நிலச்சரிவாலும் அல்லலுற்றது. 2024 கோடையில் அதே மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் நெடிய வறட்சியால் வாடிக் கருகின. மொத்த மழையைவிட, இரு மழைகளுக்கிடையே கழியும் நாள்களே செடியின் வாழ்வை முடிவுசெய்கின்றன.

அந்நாள்களை அறியும் வழி எளிது. மரங்களினின்றும் கட்டடங்களினின்றும் அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி, திறந்த வெளியில் ஒரு மழைமானி நிறுவுதல் வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்து, பூத்தல், நோய், அறுவடை ஆகியவற்றுடன் ஒரே ஏட்டில் குறித்துவருதல் வேண்டும். பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் உள்ள ஏல ஆராய்ச்சி நிலையங்களை அணுகும்போது, இவ்வேடு ஆய்வாளர்க்கும் பெருந்துணையாகும்.

நாள்தோறும் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் மலையேறிவரும் தொழிலாளரின் கூலியும் மழையைப் பொறுத்ததே. மறுநாள் கனமழை என முதல்நாளே அறிந்தால், வீண் பயணத்தைத் தவிர்க்கலாம். அறுவடையை முன்னதாக முடிக்கலாம். முன்னறிவிப்புச் சில வேளை தவறலாம். எனினும் அதனைத் தன் தோட்டத்து ஏட்டுடன் ஒப்பிட்டுவரும் உழவர், எவ்வளவு நம்பலாம் என்பதைச் சில ஆண்டுகளில் தாமே அறிந்துகொள்வார்.