தொடக்க வகுப்புகளில் எழுதக் கற்பித்தல்: பார்த்து எழுதுவதற்கு அப்பால்

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்னும் நான்கு மொழித்திறன்களுள் எழுதுதலே இறுதியாகக் கைவரும் திறன் என்பர். நம் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டில் அது பெரும்பாலும் பார்த்து எழுதுதலாகவே தொடங்குகிறது. எழுத்து, சொல், சொற்றொடர், வாக்கியம், பத்தி, கட்டுரை என ஏணிப்படிகளாக அது அமைக்கப்படுகிறது. இந்த ஏணியில் ஒரு சிக்கல் உண்டு. தான் சொல்ல விரும்பிய ஒன்றைக் குழந்தை எழுதுவதற்கு மேல் படிவரை காத்திருக்க வேண்டியுள்ளது. அதற்குள், எழுதுவது என்றால் பிறர் எழுதியதைப் படியெடுப்பது என்ற எண்ணம் அதன் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. அழகிய கையெழுத்தோடு ஆறாம் ஆண்டுக்கு வரும் மாணவர், சொந்தமாக நான்கு வாக்கியம் எழுதச் சொன்னால் ஏன் திகைக்கிறார் என்பதற்கான விடையை முதலாம் ஆண்டில்தான் தேட வேண்டும்.

நம்மில் பலர் நாளை ஆசிரியப் பணிக்குச் செல்லவிருப்பதால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கையும் காதும்

தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பலர் மலைக்கின்றனர். எண்ணிக்கை அவ்வளவு பெரிய தடையன்று. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக, எஞ்சிய 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை குறிகளைச் சேர்ப்பதால் பிறப்பவை. உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. 'கெ' என்னும் எழுத்தை ஒலிக்கும்போது முதலில் ககர மெய்யும் பிறகு எகரமும் வருகின்றன. எழுதும் கையோ முதலில் கொம்பை இட்டு, பிறகே ககரத்துக்கு வருகிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. அதே குழந்தை அடுத்த பாடவேளையில் மலாய்மொழி எழுத்துக்கூட்டலில் மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் எழுதிப் பழகுகிறது. ஆகவே, கொம்பைப் பின்னால் இடும் குழந்தை கவனக்குறைவால் அவ்வாறு செய்வதில்லை. காது சொன்ன வரிசையில் எழுதுகிறது.

உகர வரிசையும் அத்தகையதே. கு, சு, டு, து ஆகிய நான்கையும் அருகருகே எழுதிப் பார்த்தால் உகரக்குறி நான்கு விதமாக வளைவது தெரியும். இவற்றை ஒரே நாளில், ஒரே வரிசையாகப் புகட்டுவது வீண் வேலை.

'அ', 'இ' போன்ற சுழி மிகுந்த வடிவங்களை விட்டு, ட, ப, ம என எளிய வடிவங்களில் தொடங்கும் முறையும் நெடுநாளாக உண்டு. இம்மூன்றோடு புள்ளியும் துணைக்காலும் சேர்ந்தாலே படம், பாடம், பட்டம், மாமா, பாப்பா, டப்பா எனச் சொற்கள் கிடைக்கின்றன. நெடுங்கணக்கின் வரிசையைப் பாட்டாகப் பாடிக் கற்கட்டும். கை அந்த வரிசையில்தான் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குழந்தை கேட்கும் சொல்

நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், தம் முறையை 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்னும் நூலில் விளக்கியுள்ளார். ஒவ்வொரு குழந்தையையும் அழைத்து, இன்று உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்பார். கேட்ட சொல்லை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுப்பார். மறுநாள் எல்லா அட்டைகளும் தரையில் கொட்டப்படும். தன் சொல்லைக் குழந்தையே தேடி எடுக்க வேண்டும். அடையாளம் காண இயலாத அட்டை நீக்கப்படும். அச்சொல் குழந்தைக்கு உரியதன்று என்று பொருள். அச்சம், அன்பு ஆகியவற்றையொட்டிய சொற்களே விரைவில் மனத்தில் நின்றன என்கிறார்.

நம் வகுப்பில் ஒரு குழந்தை 'பேய்' என்று கேட்கலாம். ஏகாரக் குறி பாடத்திட்டத்தில் எப்போது வருமோ, அதுவரை காத்திராமல் அன்றே அக்குறி அறிமுகமாகிவிடும். மாணவர் நிறைந்த வகுப்பில் இது கடினம்தான். ஆயினும், 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் பல உள்ளன. குறையாகவே பேசப்படும் அந்தச் சிறிய எண்ணிக்கை இங்கு வசதியாகிறது.

சிவப்பு மை

ஒரு மாணவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: "நேத்து அப்பா என்ன பசார் மாலாம் கூட்டிட்டு போனாரு. நாண் பலூன் வாங்குனேன்."

எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டால் ஏடு முழுவதும் வட்டங்களே மிஞ்சும். இவை ஒரே வகைப் பிழைகள் அல்ல. 'நேத்து', 'போனாரு' ஆகியவை பேச்சு வழக்கு. குழந்தை தன் காதுக்கு உண்மையாக எழுதியுள்ளது. பேச்சில் 'த்த' என வருவது எழுத்தில் பல இடங்களில் 'ற்ற' ஆகும் என்பதை நேற்று, காற்று, கிணற்றில் எனச் சொற்களை அடுக்கிக் காட்டினால் போதும். சில நாள் 'பத்து' என்பதும் 'பற்று' ஆகலாம். அதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. விதியைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே அடையாளம்.

'நாண்' வேறு வகை. இன்றைய பேச்சில் ன, ண வேறுபாட்டைப் பல குழந்தைகள் கேட்பதேயில்லை. கேட்காத ஒன்றைச் சொல்வதெழுதுதல் எத்தனை முறை நடத்தினாலும் கற்பிக்க இயலாது. இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. சொல்லின் முதலில் வருவது 'ந'. தகரத்துக்கு முன் 'ந்', டகரத்துக்கு முன் 'ண்', றகரத்துக்கு முன் 'ன்'. பந்து, வண்டு, கன்று. தொடக்க வகுப்புச் சொற்களில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். 'நான்' போன்று இறுதியில் வருவனவற்றைக் கண்ணால் பழக்க வேண்டியதே. 'பசார் மாலாம்' என்பதை நான் திருத்தமாட்டேன். இரவுச் சந்தை என்னும் சொல்லைப் பிறிதொரு நாள் அறிமுகப்படுத்தலாம்.

யூபிஎஸ்ஆர் தேர்வு நடைபெற்ற காலத்தில் எழுத்தாக்கத் தாளுக்காக மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்யும் பழக்கம் வளர்ந்தது. 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. பழக்கத்தை அகற்ற எந்த அறிவிப்பும் வராது. மாதிரிக் கட்டுரை அறவே கூடாது என்பதன்று. குழந்தை தானே எழுதிய பிறகு அதனைக் காட்டினால், ஒப்பிட்டுப் பார்க்கக் குழந்தையிடமும் ஒன்று இருக்கும்.

திருத்தப்படாத பக்கங்களைக் கண்டால் பெற்றோர் ஆசிரியரைச் சோம்பேறி என எண்ணக்கூடும். எனவே, இரண்டு ஏடுகள் வைத்துக்கொள்வது நலம். ஒன்றில் வழக்கமான பயிற்சிகளும் திருத்தங்களும் இருக்கட்டும். மற்றதில் நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தை விரும்பியதை எழுதட்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே அதன் நோக்கத்தைப் பெற்றோரிடம் விளக்கிவிடலாம். அதில் வட்டமிடாமல், அடியில் ஒரு வரி மட்டும் ஆசிரியர் எழுதுகிறார்: "நேற்று வாங்கிய பலூன் என்ன நிறம்?" குழந்தை எழுதிய 'நேத்து' மேலே இருக்கிறது; 'நேற்று' கீழே இருக்கிறது. மறுநாள் அக்கேள்விக்குப் பதில் எழுதக் குழந்தை அந்த வரியைப் படித்தாக வேண்டும்.