வினைக்கேற்ற மடிக்கணினி

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் வினைக்குப் பொருந்தாதாயின் பயன் தாராது. காளை வாங்கச் செல்லும் கொங்குநாட்டு உழவர், கொம்பில் தீட்டிய வண்ணத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பார்ப்பர், குளம்பைப் பார்ப்பர், நடக்கவிட்டு நடையையும் பார்ப்பர். மென்பொருள் எழுதுதற்கு மடிக்கணினி வாங்குவோரும் இம்முறையையே கைக்கொள்ளல் வேண்டும்.

பொங்கலூர், திருப்பூர் மாவட்டத்தில் பல்லடத்தை அடுத்துள்ள ஊர். பின்னலாடையும் விசைத்தறியும் பரவிய இப்பகுதியில் வாரக்கூலி கொண்டு வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்திற்கு ஒரு மடிக்கணினியின் விலை பல மாதச் சேமிப்பாகும். ஆதலின், தேர்வில் நேரும் பிழை பொருளிழப்போடு நில்லாது, பிள்ளையின் கல்வியையும் தடுக்கும்.

முதற்கண் வினையின் இயல்பை அறிதல் வேண்டும். மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி நேரே அறியாது. அதனை இயந்திர மொழியாக மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் 1952-இல் உருவாக்கிய ஏ-0 இத்துறையின் முன்னோடியாகும். பெரிய மென்பொருளில் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே மாற்றப்பெற்று, இறுதியில் யாவும் ஒன்றாக இணைக்கப்பெறும். வெட்டிய துணித்துண்டுகள் தைக்கப்பெற்று ஆடையாவது போன்றது இது.

இவ்வினைக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதன. முதலாவது நுண்செயலி. அதனுள் அமைந்த கோர்கள் தையற்காரர் போல்வன. பலர் ஒருங்கே தைத்தால் வேலை விரைந்து முடியும். இரண்டாவது ராம் என்னும் நினைவகம். இது வேலை மேசை போன்றது. மேசை சிறிதாயின், கிடங்குக்கும் மேசைக்கும் துணியைச் சுமப்பதிலேயே பொழுது கழியும். சி, பைத்தான் முதலிய மொழிகளைக் கற்பார்க்கு 8 ஜிபி போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு மென்பொருள் ஆக்குவார்க்கு 16 ஜிபி நன்று. மூன்றாவது சேமிப்பகம், இதுவே கிடங்கு. வன்தட்டில் தகடு சுழன்று, முனை நகர்ந்து கோப்பைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு இன்மையால், சிறு கோப்புகள் பல வரினும் வன்தட்டிற்போல் விரைவு குன்றாது.

இனி, விலக்கத் தக்கனவும் உள. மிக மெல்லிய உடலுடைய மடிக்கணினி வெப்பத்தை எளிதில் வெளியேற்ற இயலாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதுண்டு. விளையாட்டுக்கென அமைந்த விலையுயர்ந்த வரைகலை அட்டை நிரல்பெயர்ப்புக்குப் பெரிதும் உதவாது. நினைவகத்தைப் பின்னர்க் கூட்ட இயலுமா என்பதை வாங்குமுன்னரே கேட்டறிதல் வேண்டும். சிலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

எளிய கருவி உடையார் உளம் தளர வேண்டுவதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசுப் பள்ளி மாணவர் பலர் தம் இல்லத்தில் முதன்முறையாகக் கணினியைக் கண்டனர். 1987-இல் வெளிவந்த ஜி.சி.சி. என்னும் நிரல்பெயர்ப்பி இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றது. மாறிய கோப்பை மட்டும் மீண்டும் பெயர்க்கச் செய்யும் ‘மேக்’ என்னும் மென்பொருள் 1976-இல் பெல் ஆய்வகத்தில் தோன்றியது. இவை சிறு கணினியிலும் இயங்குவன.

ஆளை ஆராய்ந்து வினையில் அமர்த்துக எனத் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறிய நெறி கருவிக்கும் பொருந்தும். வினையறிந்து கருவி கொள்வார், பொருளையும் பொழுதையும் வீணே இழவார்.