வேண்டா அஞ்சலும் வீட்டுத் தாளும்

'காகிதம்' என்னும் சொல் அரபு, பாரசீக வழக்குகளின் வழியே தமிழுக்கு வந்தது. 'கடுதாசி' போர்த்துக்கீசியர் தந்தது. இவ்விரு சொற்களும் பாண்டி நாட்டுப் பேச்சு வழக்கில் வெறுந்தாளை மட்டுமன்றி, எழுதப்பெற்ற மடலையும் குறித்து வழங்குதல் நோக்கத்தக்கது. "மகனிடமிருந்து கடுதாசி வந்ததா?" எனக் கேட்கும் மூதாட்டி வெற்றுத் தாளைக் கேட்பதில்லை. வாயிற்படி தாண்டி வரும் தாள், யாரோ ஒருவர் நமக்கென எழுதியதாகவே இருக்கும் என்னும் நம்பிக்கை அச்சொல்லாட்சியில் பொதிந்து கிடக்கின்றது. அந்நம்பிக்கை இன்று தளர்ந்துவிட்டது. நாம் கேளாத தாள், நம்மை அறியாதவர் அனுப்பும் தாள், பிரிக்கப்படாமலே குப்பைக்குச் செல்லும் தாள் ஆகியனவே பெரும்பாலும் வீடு தேடி வருகின்றன. இவற்றை 'வேண்டா அஞ்சல்' எனக் குறிப்போம்.

வருவன எவை?

மதுரை நகரில் மாசி வீதிகள் முதல் அண்ணா நகர், கே.கே. நகர் வரையிலும், வெளியே திருமங்கலம், மேலூர் வரையிலும், நாளிதழின் மடிப்பிலிருந்து துண்டறிக்கைகள் உதிர்வதை நாள்தோறும் காண்கிறோம். ஆடி பிறந்தால் துணிக்கடைத் தள்ளுபடி. தேர்வு முடிந்தால் பயிற்சி நிலையங்கள். ஆண்டு முழுவதும் வீட்டுமனை விற்பனை. அஞ்சலில் வருவன வேறு வகையின. பங்கு நிறுவனங்களின் கனத்த ஆண்டறிக்கைகள், வங்கிக் கடனட்டைக்கான அழைப்புகள், சந்தா முடிந்த பின்னும் நிற்காத இதழ்கள், என்றோ ஒருமுறை நன்கொடை அளித்த அமைப்புகளின் வேண்டுகோள்கள் எனப் பலவாம். 2005இல் இந்திய அஞ்சல் துறை 'டைரக்ட் போஸ்ட்' என்றொரு பணியைத் தொடங்கியது. பெறுநர் பெயரோ முகவரியோ இல்லாத விளம்பரத் தாள்களை ஒரு பகுதியின் வீடுகள்தோறும் சேர்ப்பிக்கும் ஏற்பாடு அது. மடலைத் 'திருமுகம்' என்றழைத்த மொழியில் முகமே இல்லாத மடலுக்கு என்ன பெயரிடுவது என்பதைத் தமிழ்த்துறை மாணவர்கள் சிந்திக்கலாம்.

இத்தாள்களால் விளையும் தீங்கு தாளோடு நிற்பதில்லை. இறந்துபோன தந்தையின் பெயருக்கு ஆண்டுகள் பல கடந்தும் அறிக்கை வருமாயின், அதைக் கையில் வாங்கும் தாயின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ, வரி செலுத்தக் கோரும் அறிவிப்போ இக்குவியலுக்குள் புதைந்து நாள் கடந்து கைக்குக் கிடைப்பதும் உண்டு. ஒரு குடும்பத்தின் பிழைப்பே அதனால் திசைமாறக் கூடும்.

பழைய தாள் கடை போதுமா?

"தாள்தானே, பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போடலாமே" என்பர் சிலர். இவ்வாறுதி முழுமையானதன்று. நாளிதழுக்குக் கிடைக்கும் மதிப்பு, நெகிழிப் பூச்சுடைய பளபளப்பான அட்டைக்கும் சாளர உறைக்கும் கிடைப்பதில்லை. அச்சிட்ட தாளில் வடையைப் பொதிந்து தரும் வழக்கமும் ஏற்கத்தக்கதன்று. அச்சு மையின் நச்சுப் பொருள்கள் உணவில் கலக்கும் என்பதால், 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் விதிகள் நாளிதழ்த் தாளில் உணவைப் பொதிவதைத் தடை செய்துள்ளன. எஞ்சியவை ஈரக் குப்பையோடு கலந்து அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் கிடங்குக்கோ, தெருவோரக் கால்வாய்க்கோ போய்ச் சேரும்.

மரம் வெட்டாமலும் தாள் செய்யலாம் என்பது உண்மையே. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்து புகழ் பெற்றது. எனினும் சக்கையைக் கூழாக்கவும், வெளுக்கவும், உலர்த்தவும் நீரும் வேதிப்பொருளும் எரிபொருளும் வேண்டும். கோடையில் வைகை மணலைப் பார்த்து வளர்ந்தவர்க்கு நீரின் அருமையை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆதலின் தாளை எங்கே கொட்டுவது என்பதைவிட, அனுப்புபவரிடமே அதனை எவ்வாறு நிறுத்துவது என்பதே முதன்மையான வினா எனலாம்.

சிலம்பில் இரு மடல்கள்

மடலை மறுப்பது பண்பாகுமா எனத் தயங்குவோர் சிலப்பதிகாரத்தை நினைவுகூரலாம். வேனிற்காதையில் மாதவி தாழை மடலில் எழுதி வசந்தமாலையிடம் அனுப்பிய திருமுகத்தைக் கோவலன் வாங்க மறுக்கின்றான். காப்பியத்தின் போக்கில் அம்மறுப்பு கொடியது. அதனை நாம் போற்றவில்லை. ஆயினும் பெறுநருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தமை அதனால் புலப்படும். புறஞ்சேரியிறுத்த காதையில் மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் மாதவியின் இரண்டாம் ஓலையைத் தருகின்றான். இம்முறை கோவலன் அதனைப் படிக்கின்றான். அதன் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் விடுக்க வேண்டிய மடலுக்கும் பொருந்துவதை உணர்ந்து, அவ்வோலையையே அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனிடம் திருப்பித் தருகின்றான். ஓரோலை இருவேறு பெறுநர்க்குப் பயன்பட்டது. சொல்லுக்குப் பொருளிருந்தால் ஓலை வீணாவதில்லை.

பிற நாடுகளும் நாமும்

பிரான்சில் 2004 முதல் 'விளம்பரம் வேண்டா' என்னும் ஒட்டுவில்லையை அஞ்சற்பெட்டியில் ஒட்டும் இயக்கம் நடைபெற்றது. ஆம்சுடர்டாம் நகரம் 2018இல் முறையையே தலைகீழாக்கியது. 'வேண்டும்' என ஒட்டியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே முகவரியற்ற விளம்பரத் தாளைத் தரலாம் என்றது. நம் நாட்டில் தொலைபேசித் தொல்லையைத் தடுக்க 2007இல் பதிவேடு உருவாயிற்று. 1909 என்னும் எண்ணில் மறுப்பைப் பதியலாம். அஞ்சலுக்கு அத்தகைய பதிவேடு ஏற்படவில்லை. எனவே ஒவ்வொரு வீடும் தானே எழுத வேண்டியுள்ளது.

பங்கு நிறுவனங்களைப் பொறுத்தவரை வழி எளிது. 2011இல் நடுவண் அரசின் நிறுவன விவகார அமைச்சகம் ஆண்டறிக்கையை மின்னஞ்சலில் அனுப்ப இசைவளித்தது. பங்குக் கணக்கு வைத்துள்ள இடத்தில் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்தால் கனத்த நூல் வருவது நிற்கும். இறந்தவர் பெயரில் பங்கு இருப்பின் அதனை வாரிசு பெயருக்கு மாற்றுவதே தீர்வு. அறிக்கை நிற்பதோடு, குடும்பத்துக்குரிய பணமும் கைக்கு வரும். பெயரிட்டு வரும் பிற மடல்களைப் பிரிக்காமல், 'பெற மறுக்கப்படுகிறது' என எழுதி அஞ்சற்காரரிடமே திருப்பித் தரலாம். முகவரிச் சீட்டை வெட்டி அஞ்சலட்டையில் ஒட்டி, "இப்பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்குக" என ஒரு வரி எழுதி அனுப்புவது இன்னும் பயனுடையது. நாளிதழ் முகவரிடமும் சொல்லலாம். ஆனால் துண்டறிக்கை செருகுவதால் அவருக்குச் சிறு வருவாய் உண்டு என்பதை மறத்தலாகாது. விடியலில் மிதிவண்டி மிதிக்கும் சிறுவரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

நாம் அனுப்புவன

பிறர் அனுப்புவனவற்றைக் குறைகூறும் நாம், நாம் அனுப்புவனவற்றையும் எண்ணுதல் தகும். மண அழைப்பிதழை வேண்டா அஞ்சலோடு சேர்க்க நாம் உடன்படோம். வீடு தேடிச் சென்று பெரியவர் கையில் கொடுத்து அழைப்பது உறவைப் பேணும் செயல். ஆயின் நேரில் அழைத்து, கைப்பேசியிலும் படமாக அனுப்பி, மீண்டும் அஞ்சலில் ஓர் உறையிடுவது எதற்கு?

ரமலான் மாதத்தில் மதரசாக்களும் அறநிலையங்களும் அனுப்பும் வேண்டுகோள்களில் இறைவசனம் அச்சிடப்படுகின்றது. அதனைக் குப்பையில் இட எம்மவர் மனம் ஒப்பாது. பரணில் சேர்த்து வைப்பர், அல்லது தூய இடத்தில் புதைப்பர். அண்டை வீட்டில் மீனாட்சியம்மன் படமுள்ள பழைய நாட்காட்டியும் இதே காரணத்தால் ஆணியிலேயே தொங்கும். அனுப்புபவர் ஒருநாள் ஆயுளுடைய தாளில் புனித எழுத்தை இட்டு, அதனைக் காக்கும் கடமையை அறியாதவர் தலையில் சுமத்துகின்றார். வேண்டுகோளை எளிய உரைநடையில் எழுதினால் கொடை குறைந்துவிடாது. சென்ற ஆண்டு மறுமொழி தாராத முகவரிகளை நீக்கிய பின் உறைகளை எண்ணினால், அச்சகச் செலவில் மிச்சமாகும் தொகை ஏழை மாணவர் ஒருவரின் புத்தகத்துக்கு ஆகும்.

இம்மலரும் தாளே. ஒரே வீட்டில் பழைய மாணவர் இருவர் இருப்பின் ஒரு படி போதும் எனத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். எஞ்சும் படியை ஊர் நூலகத்துக்கு அனுப்புவோம்.