கடற்கரையும் பட்டா நிலமும்

கடலோரக் கிராமங்களில் ஒரு வழக்கு அடிக்கடி எழுகின்றது. தோப்பாகவோ தரிசாகவோ கிடந்த நிலம் கைமாறுகின்றது. புதிய உரிமையாளர் கம்பிவேலி இடுகின்றார். ஊரார் தலைமுறைகளாகக் கடலுக்குச் சென்றுவந்த பாதை அவ்வேலிக்குள் மறைந்துபோகின்றது. வலை சுமப்போரும், மீன்கூடையுடன் சந்தைக்கு விரையும் பெண்களும் நெடுந்தொலைவு சுற்ற நேரிடுகின்றது. இதில் எவருக்கு என்ன உரிமை என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

கடற்கரை யாவர்க்கும் பொது என்னும் கொள்கை மிகப் பழையது. கி.பி. 533-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூல், காற்றையும் ஓடும் நீரையும் போலவே கடலும் கடற்கரையும் எல்லோர்க்கும் பொதுவென வகுத்தது. நம் மாநிலத்தில் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், உயர் ஓத வரைக்குக் கீழுள்ள கடற்படுகையும் பொதுப் பாதைகளும் அரசின் சொத்து என்று கூறுகின்றது.

உயர் ஓத வரை என்பது யாது? அன்றாட அலை நனைக்கும் இடம் அன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருகும்பொழுது நீர் ஏறிவரும் எல்லையே அது. இவ்வரைக்கும் பட்டா நிலத்துக்கும் இடையில் பல ஊர்களில் புறம்போக்கு நிலம் உண்டு. படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், கரைவலை இழுக்கவும் ஊருக்கு உதவுவது இதுவே.

பட்டாதாரர் தம் நிலத்துக்கு வேலி இடுவது குற்றமன்று. ஆயினும் அவர் உரிமை அளவைக்கல்லோடு முடிகின்றது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை முதன்முதல் 1991-இல் வெளிவந்தது. 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தியமைக்கப்பெற்றது. கடற்கரை விடுதிகளுக்கு அது விதித்த நிபந்தனைகள் கருதத்தக்கவை. இரு விடுதிகளுக்கு இடையே மக்கள் கடலுக்குச் செல்ல 20 மீட்டர் அகலமேனும் இடைவெளி விடல் வேண்டும். வேலி மக்கள் செல்வதைத் தடுத்தலாகாது. மணல்மேடுகளைச் சமன் செய்தலும் கூடாது. இம்மேடுகள் மழைநீரைத் தேக்கி அண்டைக் கிணறுகளின் நன்னீரைக் காப்பவை. ஆதலின் இவ்விதி உழவர்க்கும் உரியதே.

பாதை பட்டா நிலத்தின் ஊடே சென்றால் என் செய்வது? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, அண்டை நிலத்தார் ஒரு பாதையை உரிமையுடன், வெளிப்படையாகவும் சச்சரவின்றியும் 20 ஆண்டுகள் இடையறாது பயன்படுத்தியிருந்தால் வழியுரிமை கோரலாம். ஊர் வழக்கத்தால் வந்த உரிமைகளையும் அச்சட்டம் விலக்கவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: வழி அடைபட்டதை அறிந்தும் ஓராண்டு வாளா இருந்தால், அனுபவத்தின் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். மௌனம் உரிமையைக் கெடுக்கும்.

ஆகவே வேலி வருமுன்னரே செய்யத்தக்கவை சில உள. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, எவை புறம்போக்கு, எவை பாதை எனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கல் காணாமற்போன இடங்களில் நில அளவரைக் கொண்டு அளந்து மீண்டும் நாட்டல் வேண்டும். கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு வழியையும் கிராம சபைத் தீர்மானத்தில் பதிதல் வேண்டும். பதிவில் இல்லாத பாதைகளுக்கு முதியோர் வாக்குமூலங்களை எழுதி வாங்குதல் நன்று.

தகராறு எழுந்தால் வேலியைப் பிடுங்க முற்படலாகாது; அதனால் நியாயம் உள்ளவர் மீதே வழக்கு வரும். முதலில் உரிமையாளருடன் பேசிப் பார்த்தல் வேண்டும். வேலியில் ஒரு கடவு விட இசைவோர் பலர். இசையாவிடில் வட்டாட்சியரிடம் எழுத்தில் முறையிடலாம். புறம்போக்கு ஆக்கிரமிப்பை முன்னறிவிப்புக் கொடுத்து அகற்ற 1905-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது.

பட்டாதாரரின் கல்லையும் ஊராரின் பாதையையும் ஒருசேரக் காப்பதே ஊராட்சியின் கடமை. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே நம் ஊர்க் கடல்வழிகளைக் கணக்கெடுப்போமாக.