சத்தம் எந்தப் பக்கம்? (குட்டி மைக் தேர்ந்தெடுப்பது எப்படி?)



மைக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காலை பிரேயர் மைக்தான். அது சத்தத்தைப் பெரிதாக்கும். ஆனால் நாலு குட்டி மைக்கை வரிசையாக வைத்தால், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அளந்தே சொல்லிவிடலாம். இதை நாமே செய்யலாம். சரியான மைக் வாங்குவதுதான் முதல் வேலை.

ஒரு மைக் ஏன் போதாது?

எங்க அப்பாயிக்கு ஒரு காது கேட்காது. பஸ் ஹாரன் நல்லாவே கேட்கும், ஆனா எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியாது. ரோட்டைத் தாண்ட யாராவது கையைப் பிடிக்கணும். நமக்கு இரண்டு காதும் கேட்பதால், சத்தம் ஒரு காதில் கொஞ்சம் முந்தியும் மற்றதில் பிந்தியும் விழுகிறது. மூளை திசை அறிய இந்த வித்தியாசம் உதவுகிறது. மைக் வரிசைக்கும் இதே வேலைதான்.

கணக்கு: 20 டிகிரி செல்சியஸில் ஒலி 1 விநாடிக்கு 343 மீட்டர் போகும். 30 செ.மீ. ஸ்கேலின் இரு முனையிலும் மைக் வைத்து, ஒரு முனைப் பக்கம் நின்று கை தட்டினால், மறுமுனைக்குச் சத்தம் சுமார் 0.0009 விநாடி தாமதமாகப் போகும். கம்ப்யூட்டர் 1 விநாடிக்கு 44,100 முறை ஒலியைப் பதியும். எனவே அந்தத் தாமதத்துக்குள் 38 முறை பதிந்துவிடும்!

எந்த மைக் வாங்கலாம்?

1. கண்டென்சர் மைக்: ரேடியோ ரிப்பேர் கடையில் சட்டைப் பொத்தான் அளவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இதன் சரியான பெயர் எலக்ட்ரெட் மைக். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் 1962-ல் இதை உருவாக்கினார்கள். உள்ளே உள்ள மெல்லிய தகட்டில் மின்னூட்டம் நிரந்தரமாக இருக்கும். ஆனாலும் உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் இருப்பதால் சின்ன பேட்டரி தேவை.

2. மெம்ஸ் மைக்: இப்போதைய செல்போன்களில் இருப்பது. அரிசி அளவுதான். ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இருக்காது. ஆனால் கையால் பற்ற வைப்பது கஷ்டம். சின்ன போர்டில் பொருத்தியதாக வாங்கணும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* எல்லாப் பக்கச் சத்தத்தையும் சமமாக வாங்கும் மைக் வேண்டும். முன்பக்கம் மட்டும் நன்றாக வாங்கும் மேடை மைக் ஆகாது.
* நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கணும். பத்து வாங்கி, ஒரே இடத்தில் வைத்து ஒரே சத்தத்தைப் பதிந்து, ஒத்துப்போகும் நாலை எடுப்பது நல்லது.
* எல்லா மைக்கையும் ஒரே கருவியில் இணைக்கணும். நாலு செல்போனில் தனித்தனியாகப் பதிந்தால் நேரம் ஒத்துவராது.

விலை உயர்ந்த மைக்தான் நல்ல மைக் என்று நினைக்காதீர்கள். வேலைக்குப் பொருந்துவதே நல்ல மைக்.

வரலாற்றில் ஒரு சான்று

முதல் உலகப் போரில், எதிரியின் பீரங்கி இருக்கும் இடத்தை மைக் வரிசையால் கண்டுபிடிக்க முயன்றவர் லாரன்ஸ் பிராக். 1915-ல், 25 வயதில் நோபல் பரிசு பெற்றவர். இயற்பியலில் இன்றுவரை இவரே மிக இளையவர். அவருக்குக் கிடைத்த மைக்குகள் குண்டு பறக்கும் 'படார்' சத்தத்தை நன்றாகப் பிடித்தன. பீரங்கியின் தாழ்ந்த 'தும்' சத்தத்தைப் பிடிக்கவில்லை. அவரிடம் இருந்த டக்கர் என்ற வீரர், பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் சுவர் ஓட்டை வழியாகக் குளிர்காற்று தன் மேல் வீசுவதைக் கவனித்தார். 1916-ல் ஓட்டையின் குறுக்கே சூடான மெல்லிய பிளாட்டினக் கம்பியை வைத்து ஒரு புது மைக் செய்தார். காற்று பட்டதும் கம்பி குளிரும், மின்தடை மாறும். 'தும்' மாட்டிக்கொண்டது! மைக் மாறிய பிறகுதான் கணக்கு பலித்தது.

யோசித்துப் பாருங்கள்: இரண்டு மைக்கிலும் சத்தம் ஒரே நேரத்தில் விழுந்தால், ஆள் நேர் எதிரே நிற்கிறாரா, நேர் பின்னாலா? மூன்றாவது மைக்கை எங்கே வைத்தால் தெரியும்? விடை அடுத்த இதழில்.

– 9-ஆம் வகுப்பு மாணவி