மெல்லிய அலகு போதும்

வேலூர்

அன்புள்ள யாழினிக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த கத்திப் படங்களையெல்லாம் பார்த்தேன். தினமும் பையில் வைத்துக்கொள்ள 2,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நிதானமாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போகட்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

அந்தப் படங்களில் இருக்கிற எதையும் வாங்காதே. கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், பிடியில் ஓட்டைகள், தட்டினால் திறந்துகொள்ளும் விசை எல்லாம் பார்வைக்குத்தான். அந்த மாதிரிக் கத்திகளின் அலகு 3, 4 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அப்படி ஒன்றை வைத்து ஒரு கேரட்டை நறுக்கிப் பார். கத்தி பாதி தூரம் இறங்கும், அதற்குமேல் கேரட் 'டக்'கென்று தானாக இரண்டாகும். மரத்தில் ஆப்பு அடித்துப் பிளக்கிற மாதிரிதான் அது. உங்கம்மா காய் நறுக்குகிற சின்னக் கத்தியின் முதுகைத் தடவிப் பார், எவ்வளவு மெல்லிசு! அதனால்தான் உருளைக்கிழங்கு சீவல் சீவலாக விழுகிறது. கத்தி வெட்டுவது முதலில் அதன் வடிவத்தால். எஃகின் தரம் அதற்குப் பிறகுதான். விற்கிறவர்களோ எஃகின் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஏழெட்டு எழுத்தும் எண்ணும் கலந்த அந்தப் பெயர்களைப் பார்த்து நீ மலைக்க வேண்டாம். அலகின் கனத்தைப் பார், அது போதும்.

இன்னொன்றும் செய். ஒரு வாரம் உன் வேலையில் எதையெல்லாம் வெட்டுகிறாய் என்று கவனி. நீ சொன்னதிலிருந்து எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: சொட்டுநீர்க் குழாய், சணல் கயிறு, அட்டைப்பெட்டியின் டேப், உர மூட்டை, விதைப் பாக்கெட், மதியம் ஒரு கொய்யாவோ மாங்காயோ. இதில் எதற்கும் 3 அங்குலத்துக்கு மேல் அலகு தேவையில்லை. மூட்டைக்குக் கத்தியே தேவையில்லை. மூட்டை வாயில் போட்டிருக்கும் தையலைக் கவனித்திருக்கிறாயா? ஒரு பக்கம் நேர்கோடாகவும் மறுபக்கம் சங்கிலியாகவும் இருக்கும். சரியான முனையில் நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும். மூட்டையும் கிழியாது, மறுபடி உபயோகிக்கலாம்.

அட்டைப்பெட்டிக்கும் டேப்புக்கும் ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற, நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கும் கட்டரை மிஞ்சிய கருவி கிடையாது. 1956-ல் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர் அச்சுக்கூட வேலையில் இருந்துகொண்டே உண்டாக்கியது அது. மழுங்கின பிளேடுகளைத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கத்தில், சாக்லேட் கட்டியை வரிவரியாக உடைப்பதைப் பார்த்து யோசனை வந்ததாம். அட்டை எந்தக் கத்தியையும் சீக்கிரம் மழுங்கடிக்கும். அந்தக் கெடுதல் கட்டரின் தலையில் விழட்டும், உன் நல்ல கத்தியைத் தொட வேண்டாம். 18 மில்லிமீட்டர் அகல பிளேடு உள்ளதாக வாங்கு. 9 மில்லிமீட்டர் காகிதத்துக்குத்தான் சரி, அட்டையில் வளையும். ஒடித்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வை. வரப்பில் போட்டால் வெறுங்காலோடு வருகிறவர்கள் மிதிப்பார்கள்.

கட்டரைத் தனியாக வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது அதைத்தான். பூச்சிமருந்துப் பொட்டலத்தையோ பூஞ்சாணக்கொல்லிப் பாக்கெட்டையோ கிழித்த கத்தியால் ஒருநாளும் பழம் வெட்டாதே. துடைத்துவிட்டேன், கழுவிவிட்டேன் என்ற பேச்சே வேண்டாம். மடக்குக் கத்தியில் கீல் இருக்கிறது, அலகு போய் உட்காரும் பள்ளம் இருக்கிறது. தூள் அங்கே போய்த் தங்கினால் துணியால் எட்டித் துடைக்க முடியாது. மருந்துக்கும் அட்டைக்கும் கட்டர், அது வேலைப் பையில். மற்றதற்கெல்லாம் கத்தி, அது உன் பையில். இரண்டும் ஒரே பையில் சேரவே கூடாது. நர்சரிப் பக்கம் ஒட்டுக் கட்டப் பழகுகிறாய் என்று அப்பா சொன்னான். அதற்கான கத்தி வேறு. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் தீட்டியிருப்பார்கள். அதைக் கயிறு அறுக்கக்கூட யாருக்கும் கொடுக்காதே. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்முன் ஸ்பிரிட் தொட்டுத் துடை, இல்லாவிட்டால் நோயை நீயே சுமந்து கொண்டுபோய் வைப்பாய்.

இனி வாங்க வேண்டிய கத்திக்கு வருகிறேன். இரண்டு பெயர்களை மட்டும் சொல்கிறேன், இரண்டுமே நூறு வருஷத்துக்கு மேல் சாதாரண ஜனங்களின் பையில் இருந்து தேறியவை.

ஒன்று, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். 1884-ல் கார்ல் எல்சனர் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார், 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். இருபது முப்பது கருவிகள் அடுக்கின தடியான கத்திகளும் அவர்களிடம் உண்டு, அவை உனக்கு வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் காசு கொடுக்கிறோம், கனம் சுமக்கிறோம், கடைசியில் அலகை மட்டும்தான் திறக்கிறோம். 'பேன்டம்' என்று ஒன்று வருகிறது. மடக்கினால் 84 மில்லிமீட்டர், ஒரு அலகு, சோடா மூடியும் டப்பாவும் திறக்க ஒரு கருவி, பிடியில் செருகிய ஒரு சிமிட்டா, ஒரு பல்குச்சி. கருவேல முள் ஏறினால் அந்தச் சிமிட்டாவின் அருமை தெரியும். அலகு மெல்லிசு, எஃகு கொஞ்சம் மிருதுவான ரகம். மிருது என்றால் குறை என்று நினைக்காதே. கடினமான எஃகில் கூர் நீடிக்கும், ஆனால் மழுங்கிவிட்டால் திரும்பத் தீட்டப் பழகாத கைக்குப் பெரும் பாடு. இது நாலு இழுப்பில் கூர் வந்துவிடும்.

மற்றது, பிரான்ஸின் சவோய் மலைநாட்டு ஓபினெல். 1890-ல் ஜோசப் ஓபினெல் செய்தது. எண் போட்ட அளவுகளில் வரும், 8-ஆம் எண்தான் கைக்கு வாட்டம். அலகு 8.5 செ.மீ., கனம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, பீச் மரப் பிடி. மாங்காயைக் கீற்றுப் போட இதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. 1955-லிருந்து கழுத்தில் ஒரு உலோக வளையம் வைக்கிறார்கள், அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். இதில் ஒரு தொந்தரவு இருக்கிறது. பிடி மரம் என்பதால் தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினால் அலகைத் திறக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும். சவோய்க்காரர்கள் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி அலகை வெளியே வரவைப்பார்கள். நீயோ நாள் பூராவும் சொட்டுநீர்க் குழாயோடு ஈரத்தில் நிற்கிறவள். இதையே வாங்குவதானால் துருப்பிடிக்காத எஃகில் வாங்கு. கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும், ஆனால் எலுமிச்சை, மாங்காய்ப் புளிப்புப் பட்டதும் கறுக்கும், ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாளே துரு.

உனக்கென்று நானே எடுப்பதாக இருந்தால் பேன்டத்தைத்தான் எடுப்பேன். ஈரத்துக்குப் பயமில்லை, எடை தெரியாது, சிவப்புப் பிடி வரப்பில் விழுந்தாலும் கண்ணில் படும். இரண்டின் விலையும் அவ்வப்போது ஏறி இறங்குகிறது, உன் கணக்குக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள். நடைபாதையில் சிவப்பாக, சிலுவைச் சின்னத்தோடு மலிவாகக் கிடைப்பதைத் தொடாதே. அசலில் அலகின் அடிப்பகுதியில் கம்பெனிப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கும், திறக்கும்போது வில் ஒரே சீராக இழுக்கும்.

கடையில் கத்தியைத் திறந்து அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார், ஆடக் கூடாது. பிறகு விளக்குக்கு நேரே, கூர் உன் கண்ணைப் பார்க்கும்படி பிடி. நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. எங்காவது வெள்ளையாக ஒரு புள்ளியோ கோடோ மின்னினால் அந்த இடம் மழுங்கல்.

ஊர் கண்ணையும் நினைத்துப் பார்க்க வேண்டும், யாழினி. பட்டாக்கத்திச் செய்தி வராத நாளில்லை. பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்க, நீ ஆரஞ்சு உரிக்கக் கத்தியை எடுத்தால் அவர் பயப்படக் கூடாது. 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுதான் ஆயுதக் கணக்கில் வருகிறது, அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை நீங்கலாக. நீ வாங்கப்போவது அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனாலும் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக எங்கும் எடுத்துப் போகாதே. விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது. மெட்ரோ, கோர்ட், ஓட்டுச்சாவடி போகிற நாளில் வீட்டிலேயே வைத்துவிடு. யாராவது "எதுக்கும்மா கத்தி?" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் வேலையைச் சொல். பாதுகாப்புக்கு என்று மட்டும் நினைத்து வைத்துக்கொள்ளாதே. ஆபத்தில் கத்தியை எடுத்தால் அது எதிராளி கைக்குப் போகத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பயம் இருந்தால் உன் ஆபீஸில் சொல்லி வேலை நேரத்தை மாற்றிக் கேள், எனக்கும் சொல்.

தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டராக இருந்த காலமெல்லாம் என் சட்டைப்பையில் கத்தி இருந்தது. கேபிளின் மேலுறையை நாங்கள் முழுக்க வெட்ட மாட்டோம். கத்தியை லேசாகச் சுற்றிவரக் கோடு மட்டும் போட்டு, கேபிளை வளைப்போம். கோட்டின் வழியே உறை தானாக விட்டுவிடும், உள்ளே இருக்கும் கம்பிக்குக் கீறல் விழாது. உன் சொட்டுநீர்க் குழாயிலும் அழுத்தி அறுக்க வேண்டாம். ஒரு மரக்கட்டைமேல் குழாயை வைத்து, கத்தியின் கீழே உருட்டிக்கொண்டே வெட்டு. வாய் நேராக வரும். சாய்வாக வெட்டின குழாயில் ஜாயின்டர் மாட்டினால் அங்கேதான் நீர் கசியும். பேன்டத்தில் பூட்டு கிடையாது, வில்தான் பிடித்திருக்கிறது. அதனால் முனையால் குத்துகிற வேலை எதற்கும் அது ஆகாது, அலகு மடங்கி விரலில் விழும். திருகாணி முடுக்கவும் டப்பா நெம்பவும் முனையைக் கொடுக்காதே. வெட்டும்போது கட்டைவிரல் கத்தியின் வழியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்.

தீட்டுவதுதான் பாக்கி. மழுங்கின கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும், அழுத்தின கை வழுக்கும், பெரும்பாலான வெட்டுக்காயம் அப்படித்தான் வருகிறது. சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளும் அரிவாள்மனையும் கொடு, நன்றாகச் செய்வார். சின்னக் கத்தியைக் கொடுக்காதே. மெல்லிய அலகு சுழல் கல்லில் சட்டென்று சூடேறும். கூர் ஓரம் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் கூர் நிற்காது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு என்றிருக்கும் கார்போரண்டம் கல் போதும். தண்ணீர் தெளித்துக்கொள். அலகை ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்து, கல்லிலிருந்து ஒரு மெல்லிய சீவல் எடுக்கிறாற்போல் முன்னால் தள்ளு. ஒரே பக்கம் தீட்டிக்கொண்டே வந்தால் எதிர்ப்பக்க ஓரத்தில் விரலுக்குப் பிசிர் தட்டும். அடியிலிருந்து முனைவரை அந்தப் பிசிர் தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது, அதற்குமுன் திருப்பாதே. மறுபக்கமும் அப்படியே. பிறகு நைசுக் கல்லில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கை எடையைக் குறைத்துக்கொண்டே வந்து, பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழு. செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பார், சிக்காமல் இறங்கினால் சரி. கல் கைவசம் இல்லாத இடத்தில் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத ஒரு வளையம் இருக்கும், அதிலேயே அவசரத்துக்குத் தீட்டிக்கொள்ளலாம். கீலில் மாதம் ஒரு சொட்டு எண்ணெய், பழம் வெட்டுகிற கத்தி என்பதால் தேங்காய் எண்ணெயே விடு, மிஷின் ஆயில் வேண்டாம். நாள்பட்டால் தேங்காய் எண்ணெய் பிசுபிசுக்கும், அப்போது வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்திப் புதிதாக விடு.

கல்லுக்குச் செலவு பண்ணாதே. என்னிடம் இரண்டு இருக்கிறது, நைசுப் பக்கம் தேயாத ஒன்றை அடுத்த வாரம் உங்கப்பா வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். முதலில் வீட்டிலிருக்கும் பழைய காய்கறிக் கத்தியில் பழகு, புதியதில் கை வைக்காதே. பிசிர் வரவில்லை என்றால் வீடியோ காலில் கூப்பிடு, சாய்வைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா