முகவரியில் தொலையும் கூட்டல் குறி

ரத்த தான முகாமுக்கான பதிவுப் பக்கம் ஒன்றை நீங்கள் பி.எச்.பி.யில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் பெயர், ஊர், ரத்த வகை கேட்கிறீர்கள். அவற்றை ஓர் இணைப்பில் ஒட்டி, சரிபார்க்கும் அடுத்த பக்கத்துக்கு அனுப்புகிறீர்கள். ஒருவர் 'பி+' என்று பதிகிறார். அடுத்த பக்கத்தில் வெறும் 'பி' மட்டும் நிற்கிறது. 'பி-' என்று பதிந்தவருக்கோ ஒரு குறையும் இல்லை. இது எப்படிங்க?

இணைய முகவரியில் ? குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு. + வந்தால் சர்வர் அதை இடைவெளி என்று படிக்கும். & வந்தால் இந்த மதிப்பு முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். # இன்னும் மோசம். அதற்குப் பின்னால் இருப்பதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. '#12, வடக்குத் தெரு' என்று எழுதியவரின் முகவரி காலியாகத்தான் வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

தீர்வு எளிது. ஒட்டுவதற்கு முன் மதிப்பை 'யூஆர்எல்என்கோட்' என்ற செயற்கூறுக்குள் கொடுங்கள். & குறி %26 ஆகும், # குறி %23 ஆகும்; + குறியும் அப்படியே பத்திரமாகும். தமிழ் எழுத்துகளும் மாறும். 'தமிழ்' என்ற ஒரு சொல் 45 குறிகளாக நீளும். பார்த்துப் பயந்துடாதீங்க, மறுமுனையில் அது தமிழாகவே வரும். மதிப்பை மட்டும் மாற்றுங்கள். முழு முகவரியையும் மாற்றினால் ?, =, & எல்லாம் மாறி இணைப்பே வேலை செய்யாது. மதிப்புகள் நிறைய இருந்தால் 'எச்டிடிபி_பில்ட்_குவெரி' மொத்தத்தையும் சேர்த்துத் தந்துவிடும்.

பெறும் பக்கத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'கெட்' அணியில் வரும் மதிப்பை பி.எச்.பி. ஏற்கெனவே பழைய உருவுக்கு மாற்றியே தருகிறது. அதை மறுபடியும் 'யூஆர்எல்டீகோட்' செய்தால், பத்திரமாக வந்த 'பி+' அங்கே மீண்டும் 'பி' ஆகிவிடும்! திரையில் காட்டும்போது 'எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்' போடுங்கள். இல்லாவிட்டால் யாரோ அனுப்பிய ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடும். இது வேறு வேலை, அது வேறு வேலை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இன்னொன்று, இப்படி மாற்றுவது ரகசியம் ஆக்குவது அல்ல. ஆதார் எண்ணையோ கைப்பேசி எண்ணையோ முகவரியில் வைத்தால் உலாவியின் வரலாற்றிலும் சர்வர் பதிவேட்டிலும் தங்கிவிடும். இ-சேவை மையம் போல் பலர் உட்காரும் கணினியில், அடுத்து வருபவர் அதைப் பார்க்கலாம். அத்தகையவற்றை 'போஸ்ட்' முறையில் அனுப்புங்கள், அல்லது 'செஷன்' மூலம் சர்வரிலேயே வையுங்கள்.

சோதிக்கும்போது 'குமார், மதுரை' என்று போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 'ராமு & சன்ஸ், #12, பி+, 100%' என்று போட்டு, அதே வரி மறுபக்கத்தில் எழுத்து மாறாமல் வருகிறதா என்று பாருங்கள்.